ஏழாம் பிளாக் நிற்கிறது

"சொல்ல முடியாது மேடம்" என்றுதான் என்ஜினியர் ஆல்வின் சொன்னார். இன்றைக்கே விழும் என்றும் சொல்ல முடியாது, விழாது என்றும் சொல்ல முடியாது. சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டி, முகக்கண்ணாடியை இறக்கிவிட்டு, அதற்குள்ளிருந்து இன்னும் ஏதோ சொன்னார். குணசுந்தரிக்குக் கேட்கவில்லை. கேட்காமலேயே தலையாட்டினாள். வண்டி உப்புமேட்டு நகரின் சேற்றுத் தண்ணீரைப் பிளந்துகொண்டு போய்விட்டது. என்ன சொல்லியிருப்பார்? ஜாக்கிரதை என்றா, திங்கட்கிழமை பார்க்கலாம் என்றா, என் பேரை இழுத்துவிடாதீர்கள் என்றா? நாலு நாள் மழை விட்டு வெயில் சுளீரென்று அடிக்கிற சனிக்கிழமை மத்தியானத்தில், வார்டு கவுன்சிலர் குணசுந்தரி ஒரு கையில் பள்ளிக்கூடத்துச் சாவியும் இன்னொரு கையில் தன் செருப்புமாக ஏழாம் பிளாக்கின் படிக்கட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். செருப்பை எப்போது கழற்றினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டடத்துக்கு வலிக்கும் என்று நினைத்தோமா? நாற்பது வருஷக் கட்டடம். தரைத்தளம், மேலே மூன்று மாடி, மாடிக்கு எட்டு வீடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே படிக்கட்டு. காலையில் தரைத்தளத்துத் தூண் ஒன்று வாய் பிளந்து, சிமெண்டு பாளமாக உதிர்ந்து, உள்ளேயிருந்த கம்பி துருவேறி மீன்முள் மாதிரி வெளியே தெரிந்தது. அங்கே தொடங்கிய விரிசல் படிக்கட்டுச் சுவரோடு மேலே ஏறிப் போயிருந்தது. ஆல்வினைப் போன் போட்டுக் கெஞ்சி வரவழைத்தது அவள்தான். சின்னச் சுத்தியலால் தூணை நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தட்டும் அவளுடைய பல்லில் வந்து விழுந்தது. முறைப்படி பார்த்து நோட்டீஸ் கொடுக்க வேண்டிய வீட்டு வாரிய ஆபீஸ்காரர்கள் திங்கட்கிழமைதான் வருவார்கள். அதுவரைக்கும் காகிதம் என்று ஒன்றும் கிடையாது. வாய்தான். அவளுடைய வாய்.

அந்த வாய்தான் இரண்டரை வருஷத்துக்கு முன்னால் தேர்தலின்போது இதே இடத்தில், ஆட்டோவில் கட்டிய மைக்கைப் பிடித்துக்கொண்டு, "என் உசுரு இருக்கற வரைக்கும் ஏழாம் பிளாக்லேர்ந்து ஒரு பாய்கூட வெளிய போகாது" என்று கத்தியது. யாரும் எழுதிக் கொடுத்ததல்ல, தானாக வந்தது, வந்தபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது, விசில் அடித்தார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் நாலாம் பிளாக்கைக் காலி செய்திருந்தார்கள். ஒரே வருஷம், புதுசாகக் கட்டிக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லி, லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்தில் இறக்கிவிட்டார்கள். நாலாம் பிளாக் இருந்த இடத்தில் இன்றைக்குத் தகரவேலி நிற்கிறது, வேலிக்குள் ஆமணக்கு ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது, போனவர்கள் யாரும் திரும்பவில்லை. எஸ்தருடைய தங்கச்சி லில்லி அப்படிப் போனவள். இப்போதும் தினம் விடியற்காலை பஸ் ஏறி இங்கே வந்துதான் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகிறாள். எஸ்தர். மூன்றாவது மாடிக் கடைசி வீடு. மோட்டார் ரூம் சாவி எஸ்தரிடம். காலை ஐந்தரைக்கு அவள் மோட்டாரைப் போட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து "தண்ணீ" என்று ஒரு சத்தம் கொடுத்தால் முப்பத்திரண்டு வீட்டிலும் குடம் உருளும். அவள் இறங்கினால் பிளாக் இறங்கும். கீழ்வீட்டுக் கதவைத் தட்டிப் பிரயோஜனமில்லை, எஸ்தரக்கா இன்னா சொல்லுச்சி என்றுதான் கேட்பார்கள். ஆகவே மேலேயிருந்துதான் தொடங்க வேண்டும், ஆகவே ஏற வேண்டும், இந்தப் படியில், இந்தச் சுவரை ஒட்டி. செருப்பைப் படியோரத்தில் விட்டுவிட்டு ஏறினாள்.

முதல் மாடியில் யாரோ நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் டிவியில் கைதட்டிச் சிரிக்கிறார்கள். வராந்தாவில் நாலு நாள் காயாத துணியெல்லாம் கொடியில் கனத்துத் தொங்கியது, அதில் பாதி ஜாக்கெட் அவள் தைத்தது. கவுன்சிலர் ஆவதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் பஜார் முனையில் தையல் கடை. இந்த பிளாக்கில் ஒவ்வொரு பெண்ணின் தோளும் கையும் அவளுக்கு அங்குலக் கணக்கில் தெரியும். யாருக்கு இடது தோள் இறக்கம், யார் புருஷன் அடித்த வருஷம் இளைத்தாள், எல்லாம். ஜாக்கெட் துணியில் முதல் வெட்டுப் போடும்போது இத்தனை வருஷம் கழித்தும் கை ஒரு கணம் நிற்கும். கத்தரி உள்ளே போய்விட்டால் போய்விட்டதுதான். "வாங்க கவுன்சிலரம்மா, டீ குடிச்சிட்டுப் போங்க" என்று ஒரு கதவிலிருந்து குரல் வந்தது. "வர்றேன்மா, மேல போய்ட்டு வந்துடறேன்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அது எப்படி? உள்ளே இத்தனை நடுங்கும்போது வெளியே வருகிற குரல் எப்படி டீக்குச் சரி சொல்கிறது? கீழே தூண் பிளந்ததை எல்லோரும் காலையிலேயே பார்த்தாகிவிட்டது, சிமெண்டு வைத்துப் பூசிவிடுவார்கள் என்று போய்ச் சமைக்க ஆரம்பித்துவிட்டார்கள். போன் அடித்தது. அவள் புருஷன் தனசேகர். வார்டில் பாதிப் பேருக்கு அவன்தான் கவுன்சிலர், இன்றைக்குப் பார்த்து ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருக்கிறான். "எங்க இருக்கே?" "ஏழாம் பிளாக்ல." "அங்க இன்னாத்துக்குப் போனே? வாயத் தொறக்காத. திங்கக்கெழம நோட்டீஸ் வரட்டும், அவங்க ஒட்டட்டும், அவங்க காலி பண்ணட்டும். நீ சொல்லி எறங்குனாங்கன்னா நாளைக்கி நீதான் தொரத்துனேன்னு ஆயிடும். கேக்குதா?" "கேக்குது." "நாப்பது வருஷம் நின்னது ரெண்டு நாளு நிக்காதா?" "நிக்கும்" என்றாள். போனை வைத்தாள். நிக்கும். அவன் சொல்லும்போது எவ்வளவு சுலபமாக நின்றது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் விரிசல் அகலமாகியிருந்தது. கீழே விரல் நுழைகிற அகலம், இங்கே கை நுழையும். நுழைக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே நுழைத்தாள். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்து உள்ளங்கையில் பட்டது. சட்டென்று கையை உருவிக்கொண்டாள். சுவருக்குள்ளிருந்து காற்று வரக்கூடாது. அந்தப் பக்கம் வெளிச்சுவர், அதற்கு அந்தப் பக்கம் ஆகாசம், அதுவரைக்கும் பிளந்துபோய்விட்டதா? மழை ஈரத்தோடு அரிசி ஊறிப் புளித்தது போல ஒரு வாசனை. வாசனை என்றதும் அது வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷமாக எந்த வாசனையைத் தொட்டாலும் கடைசியில் வருகிற அது. அப்போது அவளுக்கு ஒன்பது வயசு, ஆற்றோரக் குடிசை, எல்லோரும் தூங்குகிறார்கள், புகை வாசனை. அம்மா, புகை வாசனை வருது. யாரோ அடுப்புப் பத்த வெக்கறாங்க, தூங்கு. அம்மா மீன் மார்க்கெட்டில் நாளெல்லாம் கூடை தூக்கிவிட்டு வந்து படுத்தவள். குணசுந்தரி ஒரு தரம்தான் சொன்னாள். ரெண்டாந்தரம் சொல்லவில்லை. சொன்னால் அடி விழும் என்று பயம். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு நாற்பது குடிசை எரிந்து போனது. பக்கத்துக் குடிசையில் பம்பரம் விற்கிறவர், கண் தெரியாதவர், அவரும் போனார். ரெண்டாந்தரம் சொல்லியிருக்கலாம். ரெண்டாந்தரம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அப்புறம் யாரும் அவளைக் கேட்கவில்லை, நீ முதலிலேயே மோந்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை, அம்மாகூட. ஒருவேளை புகை வாசனை என்று அவள் சொன்னதே கனவுதானோ. ஆல்வின் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்ன சொன்னார்? திங்கட்கிழமை வரைக்கும் தாங்காது என்றா? அப்படிச் சொல்லியிருந்தால்? அவள் பாட்டுக்குத் தலையாட்டியிருக்கிறாள். போன் போட்டுக் கேட்கலாம். கேட்டால் ஒன்றுமில்லை மேடம், தைரியமாக இருங்கள் என்றுவிட்டால்? அப்புறம் ஏற முடியாது. கேட்கவில்லை. மேலே ஏறினாள். முழங்கால் ஒவ்வொரு படிக்கும் 'கட்' என்றது. முழங்காலா, படியா என்று நின்று நின்று கேட்டுக்கொண்டே ஏறினாள்.

எஸ்தர் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயசு இருக்கும், குட்டையான, கெட்டியான உடம்பு. முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "இன்னா குணா, மேல வரைக்கும் வந்துட்டே? ஓட்டு கேக்க வந்தப்ப ஏறுனது" என்றாள். குணசுந்தரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். வழியெல்லாம் ஜோடித்துக்கொண்டு வந்த பேச்சு எதுவும் நாக்கில் இல்லை. "எறங்கணும் எஸ்தர்க்கா. எல்லாரும் இப்பவே எறங்கணும். எதிர்ல பள்ளிக்கூடத்தத் தொறந்து வுடச் சொல்லி டீச்சர்கிட்ட சாவி வாங்கியாந்துட்டேன்." முறம் நின்றது. "பேப்பர் கீதா?" "இல்ல." "திரும்பி எப்ப வர்றது?" "தெரியல." "தெரியல." எஸ்தர் அந்த ஒரு வார்த்தையை அரிசியில் கல்லைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "எந்தங்கச்சி ஒரே ஒரு தபா எறங்கனா. ஒரு வருசம்னாங்க. அவ புள்ள பத்தாவது பாதில நின்னுச்சி. மைக்குல சொன்னியே, ஒரு பாய்கூடப் போகாதுன்னு. நாந்தான் அந்த ஆட்டோவுக்கு மால போட்டேன்." "சொன்னேன்க்கா." "இப்ப வந்து எறங்குன்றே. யாரு துட்டு குடுத்து அனுப்புனாங்க உன்ன?" இதுதான். இதற்குத்தான் பயந்துகொண்டே ஏறினாள். தனசேகர் சொன்னது சரி, நாளைக்கே இந்த வராந்தா முழுக்க இந்தக் கேள்விதான் நடக்கும். எஸ்தர் எழுந்து நின்று, முகத்துக்கு நேரே, தணிந்த குரலில் கேட்டாள்: "அந்த என்ஜினியரு வந்துட்டுப் போனானே, இன்னா சொன்னான்? வுழும்னானா?" குணசுந்தரி அவள் தோளுக்கு மேலே உள்ளே பார்த்தாள். சுவரில் சிலுவை, மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, தரையில் பேத்தி வாயில் விரல் போட்டுத் தூங்குகிறது. சொல்ல முடியாது என்று சொன்னார். அதைச் சொன்னால் எஸ்தர் மறுபடி உட்கார்ந்து கல் பொறுக்குவாள். யாரோ அடுப்புப் பத்த வெக்கறாங்க, தூங்கு. "ஆமா" என்றாள் குணசுந்தரி. "இன்னிக்கே வுழும்னு சொன்னார்." கத்தரி உள்ளே போய்விட்டது. எஸ்தர் முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவருக்குப் போய், தண்ணீர் விடுகிற அதே குரலில், "எல்லாம் எறங்குங்கடீ! வூட்ட வுட்டு வெளிய வாங்க! புள்ளைங்களத் தூக்குங்க!" என்று கத்தினாள்.

அதற்கப்புறம் எல்லாம் அவள் கையை விட்டுப் போய்விட்டது. கதவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துத் திறந்தன. பெட்டி, குழந்தை, கேஸ் சிலிண்டர், ரேஷன் கார்டு வைத்த துணிப்பை, கூண்டோடு கிளி, ஒருத்தி கையில் பாதி வெந்த சாதத்துக் குண்டான். அத்தனை காலும் ஒரே படிக்கட்டில். ஒவ்வொரு காலும் அவள் நெஞ்சின்மேல் இறங்கியது. மெதுவா, மெதுவா என்று கத்தினாள், யார் காதிலும் விழவில்லை. சிலிண்டரைப் படிபடியாக உருட்டிக்கொண்டு வருகிறான் ஒருத்தன், டங், டங், டங், ஒவ்வொரு டங்குக்கும் சுவரிலிருந்து பொடி உதிர்கிறது. இதில்தான் விழப்போகிறதோ. சும்மா விட்டிருந்தால் நின்றிருக்குமோ, நான் சொன்ன பொய்தான் இத்தனை காலையும் ஒன்றாகப் படியில் ஏற்றியிருக்கிறதோ. விழுந்தால் பொய்யால் விழுந்தது, விழாவிட்டால் சொன்னது பொய். எப்படிப் பார்த்தாலும் நான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் விரிசலுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள், யார் கண்ணிலும் அது படக்கூடாது என்று நினைத்தாளா, முதுகால் தாங்கிப் பிடிக்கலாம் என்று நினைத்தாளா, ரவிக்கைக்கும் புடவைக்கும் இடையில் வெற்று முதுகில் அந்தக் குளிர்ந்த காற்று பட்டுக்கொண்டே இருந்தது. கடைசியாக எஸ்தர் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "நீ எறங்க மாட்டியா?" என்றாள். இருவரும் சேர்ந்து இறங்கினார்கள்.

வெளியே மைதானத்தில் நின்று எல்லோரும் கட்டடத்தைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போங்க என்று அவள் சொன்னாள், வயசானவர்கள் சிலர் போனார்கள், மற்றவர்களுக்குக் காலெடுக்க மனசு வரவில்லை. இன்றைக்கே விழும் என்றால் விழுகிறதைப் பார்க்காமல் எப்படிப் போவது? மணி நாலு ஆனது. வெயில் கட்டடத்தின் மேல் மஞ்சளாக விழுந்து, பாசி பிடித்த சுவர்கூட அழகாகத் தெரிந்தது. கொடியில் துணி ஆடியது. ஒரு வீட்டில் அணைக்காமல் விட்ட டிவி இன்னும் கைதட்டியது. நாலரை. காக்கை ஒன்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் வந்து உட்கார்ந்து பறந்து போனது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற வேதநாயகம் தாத்தா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், யாரையும் பார்க்காமல், "நிக்குதேம்மா" என்றார். சும்மாதான் சொன்னார். ஆனால் மைதானம் முழுக்க அது போய்ச் சேர்ந்தது. யாரோ சிரித்தார்கள். குழந்தை ஒன்று பசி என்றது. குணசுந்தரி தரைத்தளத்துத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் எரிந்தது, இமைத்தால் தப்பிவிடும் போல. அப்போது உள்ளே ஒரு குரல், அவளுடையதேதான், அவசரமாக, பிச்சை கேட்பது போல, விழுந்துடு என்றது. விழுந்துடு. இப்ப யாரும் இல்ல, காலியா இருக்கு, விழுந்துடு. முப்பத்திரண்டு வீட்டின் அரிசியும் பாத்திரமும் கல்யாணப் போட்டோவும் உள்ளே இருக்க, விழுந்துடு என்றது. நான் சொன்னது பொய் இல்லையென்று ஆகட்டும், விழுந்துடு. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சத்தம் வெளியே கேட்டுவிட்டதோ என்று சுற்றிலும் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. தூணைக் கண்டு வந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. இப்போது தன்னைக் கண்டு பயந்தாள். அவளுக்குள் இப்படி ஒருத்தி எத்தனை நாளாக இருக்கிறாள்?

ஐந்து மணிக்கு ஒரு பெண் பக்கெட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டைப் பார்த்து நடந்தாள். "மாவு ஆட்டி அப்டியே வெச்சிட்டு வந்துட்டேன்" என்றாள், பொதுவாக. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. சிலிண்டரை உருட்டி வந்தவன் அதை மறுபடி தோளில் ஏற்றினான். யாரும் கோபமாக இல்லை, சினிமா விட்டுக் கலைகிற கூட்டம் மாதிரி நடந்தார்கள். குணசுந்தரி ஓடினாள். அவர்களை முந்திக்கொண்டு போய், அந்தத் தூணைத் தாண்டி, படிக்கட்டின் முதல் படியில், நடுவில், காலை அகட்டி உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஆளும் தாண்டிப் போக முடியாது. கழுத்தில் பொடி விழுந்தது. "தள்ளுங்க கவுன்சிலரம்மா" என்றான் சிலிண்டர்க்காரன். "நீங்க உள்ள போனா நானும் உள்ளதான்." "இன்னாம்மா வெளையாட்டு இது?" கூட்டத்தை விலக்கிக்கொண்டு எஸ்தர் முன்னால் வந்தாள். "குணா. நெசத்தச் சொல்லு. அந்தாளு இன்னா சொன்னான்?" படியின் குளிர் புடவை வழியாக ஏறியது. தலைக்கு மேலே மூன்று மாடி. அவ்வளவும் தன் தலைக்கு நேராக மூச்சுப் பிடித்துக்கொண்டு கேட்பது போல இருந்தது. "இன்னிக்கே வுழும்னு சொல்லல" என்றாள். "சொல்ல முடியாதுன்னுதான் சொன்னார். நான் பொய் சொன்னேன். எனக்குத் தெரியாது எஸ்தர்க்கா. வுழுமான்னு தெரியாது, நீங்க திரும்பி வருவீங்களான்னு தெரியாது, ஒண்ணுமே தெரியாது. அந்த வெடிப்புக்குள்ள கைய வுட்டேன், காத்து வந்துது. எனக்குப் பயமா இருக்குது. அவ்ளோதான். எனக்கு ரொம்பப் பயமா இருக்குது."

எஸ்தர் அவளுடைய கையைப் பார்த்தாள். வெடிப்பின் சிமெண்டுப் பொடி அதில் இன்னும் ஒட்டியிருந்தது. "பயமா இருக்குன்னு மேல வந்தப்பவே சொல்ல வேண்டியதுதான?" என்றாள் எஸ்தர். குரலில் இரக்கமில்லை, ஆனால் ஏதோ இறங்கியிருந்தது. "என்ஜினியரு சொன்னான், அவன் சொன்னான், இவன் சொன்னான்னு. எந்திரி." குணசுந்தரி எழப் பார்த்தாள். முடியவில்லை. எஸ்தர் குனிந்து, அக்குளில் கை கொடுத்து, மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி, அந்தத் தூணைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய் வெயிலில் விட்டாள். பிறகு திரும்பிப் பார்த்து, "மாவு பொங்கனா பொங்கட்டும்டீ, கீழ கரண்டு மெயினை அணைச்சிட்டு வாங்க ஒருத்தர்" என்றாள், உடனே மாற்றிக்கொண்டாள். "வேணாம், யாரும் போகாதீங்க. போனு போட்டு கரண்டு ஆபீஸ்ல சொல்லி நிறுத்தச் சொல்லு குணா." சிலிண்டர்க்காரன் சிலிண்டரை இறக்கி வைத்தான். அப்புறம் ஒவ்வொருவராகச் சாலையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தார்கள், கிளிக்கூண்டு, துணிப்பை, குண்டான். வேதநாயகம் தாத்தா நாற்காலியையே கைத்தடியாக ஊன்றி ஊன்றிப் போனார். குணசுந்தரி கடைசியில் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு முழுக்கக் காதாக இருந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை, அடுத்த அடிக்கும் இல்லை, அதற்கடுத்த அடிக்கும் இல்லை. "திங்கக்கெழம நோட்டீஸ் குடுப்பாங்கல்ல, அதுல திரும்பி வர்ற தேதிய எழுதச் சொல்லணும்" என்றாள் பக்கத்தில் வந்த எஸ்தர். "எழுதாத பேப்பர்ல ஒருத்தர்கூட கைநாட்டு வெக்க மாட்டோம். அத நீ போய் அங்க சொல்லணும்." அந்த ஆபீஸின் நீள மேஜை, மேஜைக்கு அந்தப் பக்கம் தலை தூக்காமல் எழுதுகிறவர்கள், வீட்டுக்காரர் வரலையா மேடம் என்கிற கேள்வி, எல்லாம் குணசுந்தரிக்கு முன்னால் வந்து நின்றன. "நீயும் கூட வாக்கா" என்றாள். "தனியாப் போக எனக்குப் பயம்." எஸ்தர் பேத்தியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள்.